பயணத்தில் நீர்வண்ணக் குறிப்பேடு: முதன்முறை கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் நீர்வண்ணப் பெட்டியோடு பயணம் கிளம்பியபோது, 24 வண்ணங்கள், ஏழு தூரிகைகள், ஒரு மடக்கு நாற்காலி, உறை பிரிக்காத ஒரு குறிப்பேடு எல்லாவற்றையும் சுமந்து சென்றேன். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது அந்தக் குறிப்பேட்டில் நான்கு பக்கங்களே நிரம்பியிருந்தன. அவற்றிலும் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கையில் கிழிந்துபோயின. இரண்டாவது பயணத்தில் தாள் காலை வாரிவிட்டது. மூன்றாவதில், விமான நிலையச் சோதனை மேசையிலேயே ட்யூப்களை விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. வரையும் திறமைக்கும் இந்த மூன்று தோல்விகளுக்கும் தொடர்பே இல்லை. கிளம்பும் முன் செய்திருக்க வேண்டிய சில தேர்வுகளைச் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்பது எனக்கு நான்காவது பயணத்தில்தான் விளங்கியது.

அப்போது நான் வகுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. ஒரு நாளின் பக்கம் அன்று இரவு படுக்கப் போவதற்குள் முடிந்துவிட வேண்டும். நாளைக்கு என்று ஒத்திவைத்த பக்கம் எனக்கு ஒருபோதும் முடிந்ததில்லை. கீழே தாளின் அளவு, வண்ணங்களின் எண்ணிக்கை, உட்காரும் நேரம் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காகவே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்

ட்யூப் வண்ணத்தைச் சிறு கிண்ணங்களில் நிரப்பிக் காயவைக்க ஒரு வாரம் ஆகும். தாளையும் மையையும் சோதித்து, சரியில்லை என்றால் வேறு வாங்க இன்னொரு வாரம் வேண்டும். மூன்றாவது வாரத்தை வீட்டைச் சுற்றியுள்ள இடங்களில் ஒத்திகை பார்க்க ஒதுக்குங்கள். பேருந்து நிறுத்தம், தேநீர்க் கடை, பூங்கா இருக்கை என்று எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து, பயணத்துக்குக் கொண்டுபோகப் போகும் பொருள்களை மட்டும் வைத்து நான்கு பக்கங்களாவது வரைந்து பாருங்கள். எந்தப் பொருளைத் தொடவே இல்லை என்பதும், எதைத் தேடித் தவித்தோம் என்பதும் அந்த நான்கு பக்கங்களில் தெரிந்துவிடும். நான் வாங்கிய மடக்கு நாற்காலி இந்த ஒத்திகையைத் தாண்டியிருக்காது.

புதிய குறிப்பேட்டின் முதல் பக்கம் பலரைப் பயமுறுத்தும். அதனால் ஒத்திகையின்போதே முதல் பக்கத்தில் உங்கள் எல்லா வண்ணங்களையும் சிறு கட்டங்களாகப் பூசி, பெயரையும் எழுதிவிடுங்கள். பயணத்தில் வண்ணம் கலக்கும்போது பார்த்துக்கொள்ளும் அட்டவணையாக அது பயன்படும். முன் அட்டையின் உட்புறத்தில் மின்னஞ்சல் முகவரியையும், நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். வீட்டு முகவரி வேண்டாம். நீங்கள் ஊரில் இல்லை என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிக்கொண்டிருக்கும்.

2. முதல் செலவு தாளுக்கு

கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கினால், நான் தாளுக்கு நான்கு பங்கும், வண்ணத்துக்கு நான்கு பங்கும், தூரிகைக்கு ஒன்றரைப் பங்கும், மற்ற அனைத்துக்கும் சேர்த்து அரைப் பங்கும் ஒதுக்குவேன். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பணத்தையெல்லாம் வண்ணப் பெட்டியில் போட்டுவிட்டு, மீதியுள்ள சில்லறையில் ஏதோ ஒரு நோட்டை வாங்குகிறார்கள். நல்ல தாளில் சுமாரான வண்ணம் ஓரளவு நன்றாகவே வரும். மட்டமான தாளில் உலகின் மிகச் சிறந்த வண்ணத்தைப் பூசினாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

முதலில் கனத்தைப் பாருங்கள். தாளின் கனம் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில், ஜிஎஸ்எம் என்று அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். 120 அல்லது 150 ஜிஎஸ்எம் தாள் பென்சிலுக்கும் பேனாவுக்கும் பொருந்தும். நீர் பட்டதும் அலை அலையாக எழும்பி, வண்ணம் பள்ளங்களில் தேங்கிவிடும். என் இரண்டாவது பயணத்தைக் கெடுத்தது இதுதான். அட்டையில் 'எல்லா ஊடகங்களுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்ததை நான் நம்பிவிட்டேன். 200 ஜிஎஸ்எம் குறைந்தபட்சம். 300 ஜிஎஸ்எம் இருந்தால் ஒரு தாளின் இரு பக்கங்களிலும் தயக்கமின்றிப் பூசலாம்.

ஆனால் கனம் என்றால் எடையும் கூடத்தான் செய்யும். ஏ5 அளவுள்ள 300 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 9.3 கிராம் இருக்கும். முப்பது தாள்கள் கொண்ட குறிப்பேடு அட்டையைச் சேர்க்காமலே 280 கிராம் வரும். ஏ4 எடுத்தால் இது இரட்டிப்பாகும், அதோடு ஒரு பக்கத்தை நிரப்ப ஆகும் நேரமும் இரட்டிப்பாகும். அன்றைய பக்கம் அன்றே முடிய வேண்டும் என்றால் ஏ5 அளவைத் தாண்டாதீர்கள். நின்றுகொண்டே வரையும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏ6 கூடப் போதும்.

அடுத்தது தாளின் இழை. நூறு சதவீதப் பருத்தித் தாள் விலை கூடுதல். அது நீரை நெடுநேரம் தாங்கும், பூசிய வண்ணத்தை ஈரத் தூரிகையால் துடைத்தெடுக்கவும் இடம் கொடுக்கும். மரக்கூழில் செய்த தாள் விரைவில் காயும், மையும் அதில் கூர்மையாக நிற்கும், ஆனால் ஒரே இடத்தில் மூன்றாவது முறை பூசினால் மேற்பரப்பு திரிதிரியாக உரியத் தொடங்கிவிடும். பேனாக் கோட்டுக்கு மேல் ஒரே ஒரு முறை வண்ணம் தீட்டுபவருக்கு மரக்கூழ்த் தாளே போதும் என்பது என் கருத்து. மேற்பரப்பில் மூன்று வகை உண்டு: வழவழப்பான ஹாட் பிரஸ், லேசான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ், நன்றாக மேடுபள்ளம் தெரியும் ரஃப். குழப்பமாக இருந்தால் கோல்ட் பிரஸ் வாங்குங்கள்.

வாங்கியதும் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் சிறிது நேரம் நின்று, பிறகு மெதுவாக இறங்கினால் தாளின் மேலுள்ள பசைப்பூச்சு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒற்றுத்தாள்போல் உடனே உறிஞ்சிக்கொண்டால் அந்தக் குறிப்பேடு பழையது, அல்லது ஈரக்காற்றில் கிடந்து பசை கெட்டுப்போனது, அதை மாற்றிக்கொள்ளுங்கள். நடுப்பக்கத்தில் தட்டையாக விரிகிறதா என்பதையும் கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். தையல் கட்டு இரு பக்கங்களிலும் நீண்டு கிடக்கும் காட்சிக்கு வசதியானது. சுருள் கம்பிக் கட்டை முழுவதும் மடித்து ஒரு கையில் பிடிக்கலாம், ஆனால் பையில் உராய்ந்து எதிர்ப்பக்கத்து வண்ணத்தை அது தேய்த்துவிடும்.

3. எட்டு வண்ணங்கள் போதும்

நீர்வண்ணம் இரு வடிவங்களில் கிடைக்கிறது: ட்யூபில் பசையாகவும், பேன் எனப்படும் சிறு கிண்ணத்தில் கட்டியாகவும். பயணத்துக்குக் கட்டியே வசதி. ஹாஃப் பேன் என்ற அரைக் கிண்ணம் ஏறத்தாழ 2 மில்லி லிட்டர் கொள்ளும். 5 மில்லி லிட்டர் ட்யூபைக் கொண்டு அதை இரண்டு முறை நிரப்பலாம். 15 மில்லி லிட்டர் ட்யூப் ஏழு முறை வரும். தினமும் ஒரு பக்கம் வரைபவருக்கு ஒரு மாதப் பயணத்தில் ஒரு ஹாஃப் பேன் தீர்வது அரிது. எனவே காலியான கிண்ணங்களைத் தனியாக வாங்கி ட்யூபிலிருந்து நிரப்பிக்கொள்வது நீண்டகாலத்தில் சிக்கனமானது.

நிரப்பும்போது எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. கிண்ணத்தை ஒரே தடவையில் விளிம்புவரை நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே இருக்கும். பிறகு காயும்போது வெடித்து, துண்டாகக் கழன்று விழும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, ஒரு குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, இரண்டு நாள் காயவிட்டு, அடுத்த பங்கை ஊற்றுங்கள். தேன் கலந்து செய்யப்படும் வண்ணங்கள் எளிதில் கரையும் என்பதால் பலருக்கும் பிடித்தவை. ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அவை முழுமையாகக் காய்வதில்லை, பெட்டி சாய்ந்தால் வழியவும் செய்யும். நீங்கள் போகும் இடம் அப்படிப்பட்டது என்றால் தேன் இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த எட்டு? பெட்டியின் மேல் அச்சிடும் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ட்யூபின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீடு மாறாது. ஆகவே குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். என் பெட்டியில் இருப்பவை: குளிர்ந்த மஞ்சள் (பிஒய் 154), மஞ்சள் காவி (பிஒய் 43), சிவப்பு (பிஆர் 254), ரோஜா நிறம் (பிவி 19), பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு (பிபிஆர் 7), அல்ட்ராமரின் நீலம் (பிபி 29), தாலோ நீலம் (பிபி 15:3), தாலோ பச்சை (பிஜி 7). கறுப்பும் சாம்பலும் வாங்கவே வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால், நீலத்தைக் கூட்டும்போது மழைமேகச் சாம்பலும், பழுப்பைக் கூட்டும்போது பழைய கல்லின் சாம்பலும் கிடைக்கும். கட்டடங்களில் முக்கால்வாசியை இந்த ஒரு கலவையிலேயே முடித்துவிடலாம். தாலோ பச்சையோடு சிவப்பைச் சேர்த்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய அடர்நிறம் வரும். அதே தாலோ பச்சையை அப்படியே மரத்துக்குப் பூசினால் பிளாஸ்டிக் இலைபோல இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; எப்போதும் மஞ்சள் காவியோ பர்ன்ட் சியன்னாவோ கலந்தே பூசுங்கள்.

மாணவர் தரம், ஓவியர் தரம் என்று இரண்டு தரங்கள் உண்டு. மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். 24 மாணவர் தர வண்ணங்களுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை எட்டு ஓவியர் தர வண்ணங்களின்மேல் போடுங்கள். அலிசரின் கிரிம்சன் (பிஆர் 83), கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்பு போன்றவை வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். மூடிய குறிப்பேட்டுக்குள் கேடு குறைவுதான் என்றாலும், பின்னாளில் ஒரு பக்கத்தைச் சட்டமிட்டு மாட்ட நினைத்தால் வருந்துவீர்கள்.

4. தூரிகையும் பேனாவும்

நன்றாகக் கூர்மை நிற்கும் 8-ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று, அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, இவ்வளவே. கைப்பிடியே மூடியாக மாறும் பயணத் தூரிகை சற்று விலை கூடுதல், ஆனால் பையில் முனை வளையாது. கைப்பிடிக்குள் நீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ் ரயிலிலும் பேருந்திலும் அருமையாக உதவும். அதன் குறை என்னவென்றால் நீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருப்பதால் அடர்நிறம் எடுப்பது கடினம். நான் இரண்டையும் கொண்டுபோகிறேன்.

பேனா மை நீரில் கரையாதது என்று உறையில் போட்டிருந்தாலும் உங்கள் தாளிலேயே சோதியுங்கள். ஒரு கோடு போட்டு ஒரு நிமிடம் கழித்தும், இன்னொன்று போட்டு ஐந்து நிமிடம் கழித்தும் ஈரத் தூரிகையால் இழுத்துப் பாருங்கள். பசைப்பூச்சு மிகுந்த தாளில் மை காய நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் வானம் முழுக்கச் சாம்பல் கறை படரும். சிறப்புப் பேனா ஏதும் கிடைக்காவிட்டால் சாதாரண பால்பாயின்ட் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணெய் மை நீரில் கரையாது. இதைத் தவிர, ஒரு சொருகு பென்சில், பக்கத்தைக் காற்றில் பறக்காமல் பிடிக்க இரண்டு கவ்விகள், மூடி இறுக்கமான ஒரு சிறு நீர்ப் புட்டி, ஒரு பழைய பருத்தித் துணி. துணி முக்கியம்: நீர்வண்ணத்தில் வண்ணத்தைக் கட்டுப்படுத்துவதைவிடத் தூரிகையிலுள்ள நீரைக் கட்டுப்படுத்துவதே கடினம், அதைச் செய்வது துணிதான்.

5. விமானத்தில் எது கைப்பையில், எது ஒப்படைக்கும் பெட்டியில்

காய்ந்த கட்டி வண்ணம் திடப்பொருள்; கைப்பையில் தடையின்றிப் போகும். ட்யூப் வண்ணம் பசை என்பதால் திரவக் கணக்கில் சேரும். 2006 முதல் பல நாடுகளில் நடைமுறையில் உள்ள விதிப்படி, கைப்பையில் செல்லும் ஒவ்வொரு திரவக் கலமும் 100 மில்லி லிட்டருக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து மூடித்திறக்கும் ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். கணக்கிடப்படுவது கலத்தின் கொள்ளளவே. பாதி காலியான 150 மில்லி லிட்டர் புட்டியும் அனுமதிக்கப்படாது. புதிய சோதனைக் கருவிகள் உள்ள சில விமான நிலையங்கள் இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன, ஆனால் நீங்கள் திரும்பி வரும் விமான நிலையம் பழைய விதியிலேயே இருக்கலாம் என்பதால் இறுக்கமான விதிக்கே தயாராகுங்கள்.

நான் ட்யூப்களை இழந்தது விதியால்கூட அல்ல, ஒரு சொல்லால். 'இது என்ன' என்று கேட்டதும் 'பெயின்ட்' என்றேன். சோதனை அதிகாரிகளுக்கு அந்தச் சொல் எரியக்கூடிய எண்ணெய் வண்ணத்தையும் சுவர்ப் பூச்சையும்தான் நினைவூட்டும். 'நீரில் கரையும் ஓவிய வண்ணம்' என்று சொல்லுங்கள். அதோடு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை அச்சிட்டு வண்ணப் பெட்டிக்குள்ளேயே மடித்து வையுங்கள். அதில் 9-ஆவது பகுதி எரியும் தன்மையையும், 14-ஆவது பகுதி போக்குவரத்து வகைப்பாட்டையும் சொல்லும். தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே உள்ள திரவங்களே எரியக்கூடிய சரக்காகக் கருதப்படுகின்றன. நீர்வண்ணம் அந்த வகையில் வராது. அந்த இரண்டு இடங்களையும் வண்ணப் பேனாவால் கோடிட்டு வைத்தால் வரிசையில் நின்றபடி தேட வேண்டியதில்லை.

டர்பன்டைன் போன்ற கரைப்பான்களும், ஓவியத்தின்மேல் அடிக்கும் ஸ்ப்ரே ஃபிக்ஸேடிவும் கைப்பையிலும் கூடாது, விமானத்தில் ஒப்படைக்கும் பயணப் பெட்டியிலும் கூடாது. தாள் வெட்டும் கத்தி அந்தப் பயணப் பெட்டிக்குள் போகட்டும். குறிப்பேட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் பெட்டியில் போடாதீர்கள். தொலைந்த வண்ணத்தைத் திரும்ப வாங்கலாம். விலையுயர்ந்த பொருள்களின் ரசீதுகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி காணாமல் போனால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

விமானம் மேலே ஏறும்போது அறையின் காற்றழுத்தம், கடல்மட்டத்திலிருந்து 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாகக் குறையும். பாதி நிரம்பிய வாட்டர் பிரஷிலும் மைப்பேனாவிலும் உள்ள காற்று அப்போது விரிந்து, திரவத்தை வெளியே தள்ளும். வாட்டர் பிரஷைக் காலியாக்கிக் கொண்டுபோங்கள். மைப்பேனாவை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாக்கியோ, முள் மேலே பார்க்கும்படி வையுங்கள்.

6. அனுமதி தேவைப்படும் இடங்கள்

தெருவோரத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டில் வரைய பொதுவாக யாரும் அனுமதி கேட்பதில்லை. நாற்காலி, தாங்கி எல்லாம் விரித்து வழியை அடைத்தால் கேட்பார்கள். பல அருங்காட்சியகங்களில் பென்சில் மட்டுமே அனுமதி. மையும் நீரும் கூடாது, தற்காலிகக் கண்காட்சிகளில் பென்சிலும்கூடத் தடுக்கப்படலாம். பார்வையாளர் விதிகளை முந்தைய நாளே அவர்களுடைய தளத்தில் படித்துவிட்டு, வண்ணப் பெட்டியை வெளியே விட்டுச் செல்லுங்கள். எல்லைச் சாவடி, ராணுவ இடங்கள் போன்றவற்றைப் படம்பிடிக்கத் தடை இருந்தால் வரையவும் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்ததை அங்கேயே விற்பதும் காசு வாங்கி வகுப்பு எடுப்பதும் தொழில் ஆகிவிடும். சுற்றுலா விசாவில் அதற்குப் பொதுவாக இடமில்லை.

7. ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம்

நாற்பது நிமிடம் என்பது பலமுறை தோற்று நான் வந்து சேர்ந்த கணக்கு. அதற்கு மேல் போனால் உடன் வந்தவர்களின் முகம் மாறும், வெளிச்சமும் மாறும். சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்வதால், நீங்கள் வரைந்து முடிப்பதற்குள் நிழல்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு இடம் பெயர்ந்துவிடும்.

முதல் ஐந்து நிமிடம் பார்ப்பதற்கு. இதை விட்டுவிட வேண்டும் என்று கை துடிக்கும், விடாதீர்கள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிறு கட்டம் போட்டு, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே தொனிகளாகக் காட்சியைப் பென்சிலால் பிரித்துப் பாருங்கள். கண்ணைச் சற்றே இடுக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து இந்த மூன்றும் தனித்துத் தெரியும். அந்தச் சிறு கட்டம் சரியாக வரவில்லை என்றால் பெரிய பக்கமும் வராது. உடனே நான்கடி தள்ளிப் போய் வேறு கோணம் பாருங்கள்.

அடுத்த பத்து நிமிடம் கோட்டுக்கு. முதல் வேலையாக நிழலின் விளிம்புகளைக் குறித்துவிடுங்கள். பிறகு அவை நகர்ந்தாலும் நீங்கள் நகராதீர்கள். வெளிறிய இடங்கள் எல்லாம் தாளின் வெண்மையாகவே நிற்க வேண்டியவை என்பதால், எங்கே வண்ணம் பூசக்கூடாது என்பதையும் இப்போதே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் முதல் பூச்சு. பெரிய தூரிகை, நிறைய நீர், மேலிருந்து கீழே. நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறிவிடும். ஈரத்தில் சற்று அதிகம் என்று தோன்றும் அடர்த்தியே காய்ந்தபின் சரியாக இருக்கும். பூச்சின் மினுமினுப்பு போய் அரைகுறை ஈரமாக இருக்கும் நிலையில் எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் பூவின் விளிம்புபோல ஒரு கறையை விட்டுச் செல்லும்.

இப்போது ஆறேழு நிமிடம் காயவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் எழுதத் தொடங்குங்கள். புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. குளிர்ச்சி போனபின் மீதி நேரத்தில் நிழல்களையும் மிக இருண்ட சில இடங்களையும் பூசி நிறுத்துங்கள். வாசல், சன்னல், மரத்தடி போன்ற அந்த ஐந்தாறு இருண்ட புள்ளிகள்தான் படத்துக்கு ஆழம் தருபவை, துணிந்து பூசுங்கள்.

வெயில் நேராகத் தாளில் விழும் இடத்தில் உட்காராதீர்கள். கண் கூசுவதோடு, அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த வண்ணம் அறைக்குள் வந்து பார்த்தால் இருண்டு கிடக்கும். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டே வண்ணம் கலக்க வேண்டும்.

நாற்பது நிமிடம் கிடைக்காத நாள்கள் நிறைய வரும். அன்று ஏழு நிமிடத்தில் கோடு மட்டும் போட்டு, வண்ணப் பெயர்களைச் சிறு குறிப்பாக எழுதிக்கொண்டு, இரவில் அறையில் பூசுங்கள். கைபேசிப் படத்தைப் பார்த்துப் பூசுவதைவிட இந்தக் குறிப்புகளை நம்பிப் பூசுவது நல்லது. கைபேசி நிழலை எல்லாம் கறுப்பாகவோ வெளிறலாகவோ மாற்றிவிடும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் யோசனை: மற்றவர்கள் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன் எழுந்து வெளியே போய்விடுங்கள். யாரையும் காக்கவைத்த குற்றவுணர்வு இல்லாமல் வரைய அதைவிட நல்ல நேரம் எனக்கு அகப்படவில்லை.

8. ஈரம், குளிர், கழுவிய நீர்

ஈரமான காற்றில் பெட்டியை மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள்களிலேயே வண்ணக்கட்டிகளில் பூஞ்சை படரும். இரவில் பெட்டியைத் திறந்தே வையுங்கள். காலையில் கிளம்பும்போதும் கலவைத் தட்டைத் துடைத்த பின்னரே மூடுங்கள். பக்கங்கள் தொடுவதற்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் கிழித்துத் தெரிந்துகொண்டேன். அடர்ந்த வண்ணமுள்ள பக்கங்களுக்கு இடையில் மெழுகுத்தாளை வைத்துவிடுங்கள்.

உறைபனிக் குளிரில் தூரிகையின் நீரே தாளில் உறைந்து படிகமாகும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் உருகும்போது எல்லாம் ஒழுகிவிடும். நீர்ப் புட்டியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு, பேனாக் கோடுகளை வெளியிலும் வண்ணப் பூச்சை அறைக்குள்ளும் முடிப்பது சுலபம். கடற்கரையில் கடல்நீரைத் தொட்டு வரையும் ஆசை எல்லோருக்கும் வரும். தாளில் தங்கும் உப்பு ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த ஆசைக்கு ஒரு மூலையை மட்டும் கொடுங்கள்.

தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள். கேட்மியம், கோபால்ட் கலந்த வண்ணங்கள் நச்சுத்தன்மை உள்ளவை. மேலே சொன்ன எட்டில் அவை இல்லை என்றாலும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கழுவிய நீரைச் சுனையிலோ குளத்திலோ கொட்டாமல் அறைக்குக் கொண்டுவந்து சாக்கடைக் குழாயில் ஊற்றுங்கள். விடுதித் துண்டில் தூரிகையைத் துடைக்கவும் வேண்டாம். தாலோ நீலக் கறை சலவை செய்தாலும் போகாது, அதற்கான தொகை உங்கள் கணக்கில் சேரும்.

9. எழுத்தும் ஒட்டுத் துண்டுகளும்

தேதி, இடம், வரைந்த நேரம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு பத்தி போதும். படத்தில் இல்லாத மணம், ஒலி, காதில் விழுந்த ஒரு வரி ஆகியவற்றை எழுதுவது படத்தில் உள்ளதையே திரும்ப விவரிப்பதைவிட மேல். பயணச்சீட்டு, ரசீது போன்றவற்றை ஒட்டுபவர்கள் கவனிக்க: வெப்ப அச்சில் வரும் சீட்டுகள் நாளடைவில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். முக்கியமான விவரத்தைப் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள். செல்லோ டேப் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், பசைக்குச்சி பயன்படுத்துங்கள்.

ஒவ்வோர் இரவும் அன்றைய பக்கத்தைப் படமெடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. குறிப்பேடு தொலைந்தால் எஞ்சுவது அதுமட்டும்தான்.

10. திரும்பி வந்த முதல் வாரம்

குறிப்பேட்டைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் மூன்று நாள் வைத்தால் அலைந்த பக்கங்கள் பெருமளவு படியும். பிறகு ஸ்கேன் செய்யுங்கள்: அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) போதும், இருமடங்கு பெரிதாக்க 600 டிபிஐ வேண்டும். பாதியில் நின்ற பக்கங்களை வீட்டில் உட்கார்ந்து நிரப்பும் ஆசையை நான் அடக்கிக்கொள்கிறேன். இரு வாரம் கழித்து நினைவிலிருந்து பூசும் வானம் எல்லா ஊரிலும் ஒரே நீலமாகவே வருகிறது. பென்சில் கோடாக நின்றுபோன பக்கம் அன்று மழை வந்ததையோ பேருந்து கிளம்பியதையோ அப்படியே வைத்திருக்கும்.

தீர்ந்த வண்ணங்களை அந்த வாரமே நிரப்புங்கள். எது அதிகம் குழிந்திருக்கிறது என்று பாருங்கள். எனக்கு எப்போதும் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும்தான் தீர்கின்றன, சிவப்பு அப்படியே கிடக்கிறது. நீங்கள் தொடாத வண்ணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வையுங்கள். மூன்று அடுக்காக ஊற்றிக் காயவைக்க ஒரு வாரம் ஆகும் என்பதால், அடுத்த பயணச்சீட்டு வாங்கிய பிறகு இதைத் தொடங்கினால் ஈரப் பெட்டியோடுதான் கிளம்ப வேண்டியிருக்கும்.